கல்லமேட்டில் நொறுங்கிய பேருருவம்: புதைபடிவங்களுக்குச் சட்டம் எப்போது?

புது தில்லி: கன்னியாகுமரி மாவட்டக் குவாரியிலிருந்து ஒரு லாரி கருங்கல் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குள் நுழைய வேண்டுமானால் அதற்கு நடைச்சீட்டு வேண்டும். கல் எங்கே உடைக்கப்பட்டது, எவ்வளவு, எங்கே செல்கிறது என்பன அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சீட்டு இல்லாத லாரியைப் பிடித்து அபராதம் விதிக்கலாம், வழக்குத் தொடரலாம். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராம மக்களுக்கு இந்த லாரிகளும் சோதனைகளும் அன்றாடக் காட்சி. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் சிறுகனிமங்கள் பற்றி விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்திருக்கிறது. ஜல்லிக்குக்கூட அரசாங்கத்தில் கணக்கு உண்டு.

அதே தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்தில் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட விலங்கின் எலும்பு ஒன்றை ஒருவர் மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தில்லிக்கோ வேறெங்குமோ ரயிலேறினால், அவரிடம் எந்தச் சீட்டும் கேட்கப்படுவதில்லை. புதைபடிவங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் மனிதன் செய்தவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிலைக்கும் நாணயத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் அதில் இடம் உண்டு. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த உயிர்கள் அதன் பார்வையில் படவில்லை.

இந்தக் குறையின் விலையை அறிய விரும்புவோர் கல்லமேடு என்ற சிற்றூரின் கதையை அறிய வேண்டும். இதுவரை நிலத்தில் நடமாடிய விலங்குகளிலேயே மிகப் பெரியதாக இருந்திருக்கக்கூடிய ஒன்றின் எலும்புகள் அங்கே கிடைத்தன. இன்று அவற்றில் ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை.

பெயரும் உருவமும்

1987-ஆம் ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி ஆகிய இருவரும் அன்றைய திருச்சி மாவட்டத்துக் கல்லமேட்டுக்கு வடகிழக்கே கிடைத்த எலும்புகளைப் பற்றி அத்துறையின் சிறப்பு வெளியீடு ஒன்றில் கட்டுரை எழுதினர். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் ஒரு துண்டு, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பின் ஒரு பகுதி ஆகியவையே கிடைத்திருந்தன. முழு எலும்புக்கூடு அல்ல, மண்டையோடும் இல்லை. ஆனால் அந்தக் கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். நல்ல உயரமான மனிதன் ஒருவன் அதன் அருகே படுத்தால் எலும்புதான் நீண்டு தெரியும்.

புதிய விலங்குக்கு அவர்கள் இட்ட பெயர் பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி. பிருஹத் காயம் என்றால் பேருடல். பின்னொட்டு, பிரிட்டிஷ் ஆய்வாளர் சார்லஸ் ஆல்பிரட் மாட்லியின் நினைவாக அமைந்தது. திருச்சி மாவட்டத்தின் டைனோசர் எச்சங்களைப் பற்றி 1929-இல் எழுதியவர் அவர்.

யாதகிரியும் அய்யாசாமியும் தங்கள் விலங்கை ஊன் உண்ணும் டைனோசர் இனத்தில் சேர்த்திருந்தனர். இரண்டு மீட்டர் கீழ்க்காலுடன் ஓர் ஊன் உண்ணி என்பது நம்புதற்கரிய செய்தி. அப்படி ஒன்று இருந்திருந்தால் உலகப் புகழ் பெற்ற டைரனோசாரஸ் அதன் முன் குட்டியாகத் தோன்றியிருக்கும். 1995-ஆம் ஆண்டளவில் சங்கர் சாட்டர்ஜி இந்த எலும்புகளை மறுபடியும் நோக்கி, இவை நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் தூண் போன்ற நான்கு கால்களும் கொண்ட, இலை தழை தின்னும் சாரோபாட் இனத்தைச் சேர்ந்தவை என்றார். அந்த இனத்திலும் டைட்டனோசர் என்ற பிரிவு. பின்வந்த ஆய்வாளர்கள் பலரும் அக்கருத்தையே ஏற்றனர்.

ஆனால் மற்ற ஆய்வாளர்கள் எதை வைத்து இதைச் சரிபார்ப்பது? 1987 கட்டுரையில் இருந்தவை சில கோட்டோவியங்களும், எலும்புகள் நிலத்தில் கிடந்த நிலையில் எடுத்த படங்களும் மட்டுமே. விளக்கமும் சுருக்கமானது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர், இவை எலும்புகளே அல்ல, கல்லாகிப்போன மரத்துண்டுகளாக இருக்கலாம் என்றுகூட ஐயுற்றனர். இந்த ஐயத்தைக் கேலி செய்வதற்கில்லை. கல்லமேட்டுக்கு அப்பால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது, 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது. பின்னாளில் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரானவர் அவர். அமெரிக்காவில் சாரோபொசைடன் என்ற பெரும் சாரோபாட்டின் கழுத்தெலும்புகளை முதலில் பார்த்தவர்கள் அவற்றை மரத்துண்டுகள் என்றே நினைத்தனர். எலும்பு கையில் இருந்தால் ஒரு மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து ஒரே நாளில் இந்தச் சண்டையைத் தீர்த்துவிடலாம்.

எலும்பு கையில் இல்லை. பீட்டர் கால்டனுடன் சேர்ந்து அய்யாசாமியே 2017-இல் எழுதிய கட்டுரையில் அந்த உண்மை அச்சேறியது. எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன; மாதிரி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கல்லமேட்டு எலும்புகள் இயல்பாகவே உதிரும் தன்மை கொண்டவை. ஈரம் ஏறி இறங்கும் களிமண்ணிலும் மணற்கல்லிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தவை வெளிக்காற்றும் வெயிலும் பட்டதும் விரிசல் விட்டன. பொதிகட்டி எடுத்தும், அலுவலகம் சேருமுன் பொதிக்குள்ளேயே உதிரத் தொடங்கின. மழை வெள்ளம் அடித்துச் சென்றது என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. வெள்ளத்தைக் குற்றம் சொல்வது எல்லோருக்கும் வசதிதான்.

புகைப்படத்தை நம்பும் அறிவியல்

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். 2022-இல் சௌரவ் பாலும் அய்யாசாமியும் காவிரிப் படுகையின் தொலைந்துபோன இந்தப் பேருருவத்தைப் பற்றி லண்டனிலிருந்து வரும் புவியியல் இதழொன்றில் எழுதினர். களத்தில் எடுக்கப்பட்டு அதுவரை வெளிவராத படங்கள் அதில் இடம்பெற்றன. எலும்பே, மரமல்ல என்ற கருத்துக்கு அவை வலு சேர்த்தன. அடுத்த ஆண்டே அமெரிக்கரான கிரகரி பாலும் ஸ்பெயினைச் சேர்ந்த ஆசியர் லாராமெண்டியும் அந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டு, இவ்விலங்கின் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்றனர். 110 முதல் 130 டன் என்பதே அவர்கள் அதிகம் நம்பும் கணக்கு. ஆண் யானை ஒன்றுக்கு 5 டன் என வைத்தால் இருபதுக்கும் மேற்பட்ட யானைகள் ஒரே உடலில்! கடலில் வாழும் நீலத் திமிங்கலத்தோடு நிலவிலங்கு ஒன்றை ஒப்பிட்டுப் பேசும் நிலை அப்போதுதான் வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு செய்தி: அர்ஜென்டினாவில் 1993-இல் பெயரிடப்பட்ட அர்ஜென்டினோசாரஸ் நீண்ட காலம் உலகின் மிகப் பெரிய நிலவிலங்காகக் கொண்டாடப்பட்டது. அதன் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர். கல்லமேட்டு எலும்பு அதைவிடக் கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம்.

இந்தக் கணக்குகளை அளவுக்கு மீறி நம்ப வேண்டியதில்லை. ஒரு காலெலும்பின் நீளத்தை வைத்து உடலின் எடையைச் சொல்வது, தேரின் ஒரு சக்கரத்தைப் பார்த்துத் தேரின் உயரத்தைச் சொல்வது போன்றது; தோராயமாகச் சரியாக இருக்கலாம், அடியோடு தவறாகவும் போகலாம். சக்கரமும் தொலைந்து, சக்கரத்தின் படம் மட்டும் இருக்கும்போது எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். உலகின் மிகப் பெரிய டைனோசர் தமிழகத்தில் வாழ்ந்தது என்று மேடையில் முழங்க விரும்புவோர் இதை நினைவில் வைப்பது நல்லது. முழங்க முடியாமல் போனதற்குக் காரணம் அறிவியலின் அவநம்பிக்கை அன்று. சான்றைக் காக்கத் தவறிய நம் நிர்வாகம்.

இப்படித் தொலைப்பது இந்தியாவுக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்காவின் கொலராடோவில் கிடைத்த மாபெரும் முள்ளெலும்பு ஒன்றை 1878-இல் எட்வர்ட் கோப் விவரித்தார். உதிரும் தன்மை கொண்டது என்று பெயரிலேயே குறிப்பிட்டிருந்தார். அந்த எலும்பும் காணாமற் போயிற்று. ஒரே ஒரு படத்தை வைத்து அமெரிக்கர்கள் இன்றும் வாதிட்டு வருகின்றனர். ஆனால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டு. கல்லமேடு நம் காலத்தில் நடந்தது.

ஒரே ஆய்வாளர், இரு விலங்குகள்

யாதகிரியின் பணியைத் திறமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. கல்லமேட்டுக் கட்டுரைக்கு அடுத்த ஆண்டே, 1988-இல், கோட்டாசாரஸ் என்ற மற்றொரு தாவர உண்ணி டைனோசருக்குப் பெயரிட்டவர் அவரே. அன்றைய ஆந்திரத்தின் ஆதிலாபாத் மாவட்டம் யாமன்பள்ளியில் பல விலங்குகளின் எலும்புகள் ஒன்றாகக் கிடைத்தன. எண்ணிக்கை சுமார் 840. சுமார் 9 மீட்டர் நீளமுள்ள அந்த விலங்கின் கூடு ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பள்ளிக் குழந்தைகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

அதற்கும் முன்னோடி கொல்கத்தாவில் உண்டு. பி.சி. மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் புவியியலாளர்கள், கோதாவரிப் படுகையில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 300 எலும்புகளைத் தோண்டி எடுத்தனர். 1961 தாகூர் நூற்றாண்டு என்பதால் அந்த விலங்குக்குப் பின்னர் பாராபாசாரஸ் தாகோரி என்று கவியின் பெயர் சூட்டப்பட்டது. புள்ளிவிவரக் கழகத்தில் டைனோசருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எலும்பைப் பாதுகாக்க ஆளும் இடமும் பணமும் ஒதுக்க ஒரு நிறுவனம் முன்வந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. கூட்டை முழுமையாக நிறுத்தி இன்றும் காட்டுகிறார்கள்.

ஆக, வேறுபாடு ஆய்வாளரிடம் இல்லை. ஆதிலாபாத் எலும்புகள் ஓரளவு உறுதியானவை, எண்ணிக்கையும் மிகுதி. கல்லமேட்டு எலும்புகளோ தொட்டால் உதிர்பவை. அத்தகையவற்றை நிலத்திலேயே பசை ஊற்றி இறுக்கி, சாக்கும் சுண்ணச்சாந்தும் சுற்றிப் பொதிகட்டி, உடனடியாக ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்த்து, மாதக்கணக்கில் பொறுமையாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குரிய ஆய்வகம் அரியலூருக்கு அருகே இருக்கவில்லை. துறையின் தென்மண்டலத் தலைமையகம் ஹைதராபாத்தில், தலைமையகம் கொல்கத்தாவில்.

கொல்கத்தாவிலும் பொருள்கள் பத்திரம் என்று சொல்ல முடியுமா? வழிப்பறித் தக்கர்களை ஒடுக்கியவர் என்று வரலாற்றில் இடம்பெற்ற ஸ்லீமன், 1828-இல் ஜபல்பூரில் கண்டெடுத்தவை இந்தியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்புகள். டைட்டனோசாரஸ் என்ற பெயரை 1877-இல் லைடெக்கர் அவற்றுக்குத்தான் சூட்டினார். உலகெங்கும் கிடைக்கும் டைட்டனோசர்கள் அனைத்தும் பெயரைக் கடன் வாங்கியது நம் ஜபல்பூரிடமிருந்து. அந்த முதல் வால் எலும்பு பல பத்தாண்டுகள் காணாமற் போயிருந்து, 2012-இல் துறையின் கொல்கத்தா சேமிப்பிலேயே மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அலமாரியில் தொலைந்தது அலமாரியில் கிடைத்தது. கல்லமேட்டு எலும்புக்கு அந்த நல்லூழ் வாய்க்காது.

எல்லைக்கு இருபுறமும்

தெற்கே இத்தனை நிலம் இருக்க டைனோசர் அரியலூரில் மட்டும் ஏன் என்ற கேள்வி எழலாம். விடை பாறையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூரின் தென்வட்டங்களான அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவை செங்கோட்டையின் ஒரு பகுதியுடன் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் அந்த வட்டத்தின் பெயர் ஒலிக்காத கூட்டம் இல்லை. கோடு மனிதர் போட்டது. பாறசாலையில் குவாரியில் உடையும் பாறையும் விளவங்கோட்டில் உடையும் பாறையும் ஒன்றே. இவை பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் வெந்து உருமாறிச் சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. டைனோசர்கள் தோன்றியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தக் கருங்கல்லில் எத்தனை ஆழம் தோண்டினாலும் எலும்பு கிடைக்காது. அதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் வடக்கே வர்க்கலையில் கடலோரச் செங்குன்று இருக்கிறது. அதன் படிவுகள் டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகள் கழிந்தபின் சேர்ந்தவை. ஒன்று மிகப் பழையது, மற்றது மிகப் புதியது.

அரியலூரின் கதை வேறு. இந்தியா ஒரு தனித் தீவாக வடக்கு நோக்கி நகரத் தொடங்கிய காலத்தில், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கிழக்கே இருந்து கடல் உட்புகுந்தது. பவளமும் சிப்பியும் அம்மோனைட் எனப்படும் சுருள் ஓட்டு உயிர்களும் அங்கே வாழ்ந்து அடுக்கடுக்காகப் படிந்தன. கடல் பின்வாங்கியபோது ஆறுகள் கொண்டுவந்த மணலும் களிமண்ணும் கல்லமேட்டுப் படிவாயின. டைனோசர் யுகத்தின் கடைசி ஏடு அது. 1860-களில் எச்.எஃப். பிளான்போர்ட் இப்பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவாகப் பகுத்தார். நம் மூன்று ஊர்ப் பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் நிலைத்தது அவ்வாறுதான்.

கல்லக்குடிக்கு டால்மியாபுரம் என்று பெயர் சூட்டப்பட்டதை எதிர்த்து 1953 ஜூலை 15-இல் மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தது தமிழகம் அறிந்த வரலாறு. டால்மியா ஆலை அங்கே வந்ததற்குக் காரணமே அந்தப் பழங்கடலின் பவளச் சுண்ணாம்புப் பாறைதான் என்பதை அறிந்தோர் குறைவு. ஊர்ப் பெயர் மீண்டது. பாறை அடுக்கின் பெயராக மட்டும் டால்மியாபுரம் புவியியல் நூல்களில் இன்றும் நீடிக்கிறது. தமிழக அரசின் ஆலை உட்பட அரியலூர் வட்டாரத்துச் சிமென்ட் ஆலைகள் அனைத்தும் அந்தக் கடலின் வரவை வைத்தே இயங்குகின்றன.

இங்கே ஒரு நேர்மை தேவை. கல்லமேட்டு எலும்புகளைச் சிமென்ட் சுரங்கங்கள் அழிக்கவில்லை. கல்லமேட்டுப் படிவில் ஆலைகள் தேடும் சுண்ணாம்புக்கல் இல்லை. சொல்லப்போனால் சுரங்கங்கள் வெட்டித் திறந்த பக்கச் சுவர்களில்தான் ஆய்வாளர்கள் பல அடுக்குகளை முதன்முதலாகப் படிக்க முடிந்தது. குஜராத்தின் ராயோலியில் 1981-இல் டைனோசர் எலும்புகள் தெரியவந்ததும் சிமென்ட் சுண்ணாம்புக்கல் தேடலை ஒட்டியே. அங்கே கிடைத்த எலும்புகளைக் கொண்டு 2003-இல் ராஜசாரஸ் பெயரிடப்பட்டது. பாலாசினோர் அருகே பூங்கா அமைந்தது. 2019-இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியிலும் புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. ஆனால் மாவட்டத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பின் ஓர் எலும்பைக்கூட அங்கே வைக்க வழியில்லை.

பொய்ச் செய்திகளும் மெய்ப் பல்லும்

சான்றுகளைக் காக்கும் முறை இல்லாத இடத்தில் வதந்தி எளிதில் வளரும். 2009 அக்டோபரில் செந்துறை அருகே நூற்றுக்கணக்கான டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக வந்த செய்தி உலகைச் சுற்றி வந்தது. அவை முட்டைகளா, இயற்கையாக உருண்டு திரண்ட கற்களா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது கிடைத்த உருண்டைகளையும் மக்கள் டைனோசர் முட்டை என்று நம்பித் திரண்டனர். அம்மோனைட்டுகளை ஒட்டித் திரண்ட கற்கள் என்று ஆய்வாளர்கள் விளக்க வேண்டியதாயிற்று. ஆர்வத்தோடு திரண்ட மக்களைக் குறை கூற முடியாது. அந்த ஆர்வத்துக்கு உண்மையான எலும்பு ஒன்றை நாம் காட்டியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் கல்லமேடு வறண்டுவிடவில்லை. 2013-இல் அஞ்சலி கோஸ்வாமி குழுவினர் அங்கே கிடைத்த ஒரு சிறு பல்லை டிரூடான்டிட் என்ற டைனோசர் இனத்துக்கு உரியது என்று அறிவித்தனர். வடகண்டங்களில் மட்டும் அறியப்பட்ட இனம் தென்கண்டத் தீவான இந்தியாவில் எப்படி வந்தது என்ற கேள்வியை ஒரே ஒரு பல் எழுப்பிவிட்டது. பல் கெட்டியானது, எனவே பிழைத்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த மண் கரைந்து புதிய துண்டுகள் வெளிவருகின்றன. அவற்றில் எத்தனை யார் கண்ணிலும் படாமல் உதிர்கின்றனவோ!

மசோதாவின் பயணம்

மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் புவிப் பாரம்பரியத் தலங்கள், புவி எச்சங்கள் பாதுகாப்பு, பராமரிப்பு மசோதாவின் வரைவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. தலங்களைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவித்தல், நிலம் கையகப்படுத்தல், சேதப்படுத்துவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் ஆகியவை அதில் இருந்தன. புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களாக முன்பே அறிவித்திருக்கிறது. சாத்தனூர், திருவக்கரை, பரங்கிமலை ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆனால் அந்தப் பட்டத்துக்குச் சட்டத்தின் பின்பலம் கிடையாது.

பட்டம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வர்க்கலையே சாட்சி. அந்தச் செங்குன்றும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமே. 2024-இல் கோயிலை ஒட்டிய பலி மண்டபத்துக்கு ஆபத்து என்று காரணம் காட்டி மாவட்ட நிர்வாகம் குன்றின் ஒரு பகுதியை இயந்திரம் கொண்டு வெட்டி அகற்றியது. புவியியல் ஆய்வுத் துறை ஆட்சேபம் தெரிவித்தது; அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய முடியவில்லை. மறு ஆண்டே அதே குன்று யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றது விந்தை.

ஆகவே சட்டம் தேவை என்பதில் இரு கருத்து இல்லை. எப்படிப்பட்ட சட்டம் என்பதில்தான் இருக்கிறது. 2022 வரைவு கிட்டத்தட்ட எல்லா அதிகாரத்தையும் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநரிடமே குவித்தது. மாநில அரசுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய இடம் இல்லை என்று ஆய்வாளர்கள் பலர் ஆட்சேபித்தனர். அந்த ஆட்சேபம் நியாயமானது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி புவியியல் ஆய்வுத் துறை மத்தியப் பட்டியலில் உள்ளது உண்மைதான். ஆனால் நிலம் மாநிலத்தின் பொறுப்பு. கல்லமேட்டில் மழைக்குப் பின் எலும்பு வெளிவந்தால் அதை முதலில் பார்ப்பவர் ஆடு மேய்ப்பவர். அவர் சொல்லப் போவது கிராம நிர்வாக அலுவலரிடம். கொல்கத்தாவுக்குக் கடிதம் எழுத அவருக்கு நேரம் இராது. போதாக்குறைக்கு, கனிமச் சுரங்கங்களை ஏலம் விட்டு வருவாய் பெருக்குவதை முதற்கடமையாகக் கொண்ட அமைச்சகமே பாதுகாவலராகவும் இருக்கப் போகிறது. கோழிக்குக் காவல் யார் என்ற கேள்வியைத் தில்லியில் கேட்பாரில்லை.

அர்ஜென்டினா 2003-இலேயே தொல்பொருளையும் தொல்லுயிர் எச்சத்தையும் ஒரே சட்டத்தின் கீழ்ப் பாதுகாத்து, அதிகாரத்தை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பகிர்ந்தளித்தது. ஒரு பண்ணையில் கண்டெடுக்கப்பட்டு 2017-இல் பெயரிடப்பட்ட பட்டகோட்டைட்டனின் நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புகள் அந்த மாகாணத்தின் டிரெலியூ நகர அருங்காட்சியகத்துக்குச் சென்றன. நியூயார்க்குக்குப் போனது அச்சு வார்ப்பு மட்டுமே.

இந்திய மசோதாவோ 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் அறிமுகப்படுத்தப்படவுள்ளவற்றின் பட்டியலில் இடம்பெற்றது. அதே பட்டியலில் அதே அமைச்சகத்தின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத் திருத்த மசோதாவும் இருந்தது. ஆகஸ்டில் கூட்டத்தொடர் முடிந்தபோது சுரங்கத் திருத்தம் இரு அவைகளிலும் நிறைவேறியிருந்தது. புவிப் பாரம்பரிய மசோதா அறிமுகமே ஆகவில்லை.

மாநிலமும் தில்லியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கனிம உரிமைகள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. தமிழகம் 2025 ஏப்ரலில் கனிம நிலங்கள் மீதான வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுண்ணாம்புக்கல்லும் அந்த வரிக்கு உட்பட்டதே. அரியலூர் தரும் அத்தொகையில் ஒரு சிறு பங்கு போதும்: உதிரும் எலும்பை இறுக்கிக் காக்கத் தெரிந்த இரண்டு பேர், ஓர் ஆய்வக அறை, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் கல்லமேட்டு ஓடைகளை நடந்து பார்க்க ஒரு ஜீப்.

மசோதா அடுத்த முறை அவைக்கு வரும்போது தமிழக உறுப்பினர்கள் இரண்டு திருத்தங்களைக் கேட்கலாம். முதலாவது, கண்டெடுக்கப்பட்ட மாநிலத்திலேயே மூல மாதிரி இருக்க வேண்டும் என்பது. மற்றது, எலும்பை எடுப்பதற்கு முன் அதைக் காக்கும் வசதி உள்ளதா என்று எழுத்தில் உறுதி பெற வேண்டும் என்பது. இரண்டாவது விதி 1980-களில் இருந்திருந்தால், அந்த இரண்டு மீட்டர் எலும்பு ஆய்வகம் தயாராகும்வரை கல்லமேட்டு மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.